டேப்பைக் கொடுக்க மறுத்த வியாழக்கிழமை

இதைத் தட்டச்சு செய்யப்போகும் புனிதாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறிய மண்ணைப் போல இருக்கும். எந்த ‘ல’ எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எழுத்துப் பிழைகளை அவர் திருத்திவிடுவார். நான் செய்த பிழைகளைத் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவை அப்படியே இருக்கட்டும்.

மலாக்காவில் நம் குருபோங் பட்டறையில் கணினி அறைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் அறையில் பேச எழுந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வந்து பேசுங்கள் என்று புனிதா கூப்பிட்டபோது, எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். கணினியில் இருப்பதன் நகலை, அதாவது பேக்கப்பை, இணையத்தில் வெளியூருக்கு அனுப்புவது நல்லதா, கேசட் போன்ற டேப்பில் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லதா என்று நீங்கள் கேட்டீர்களாம். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நம் பட்டறையின் சொத்து இயந்திரங்கள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு அச்சை, நம் வாயில் வருகிற மோல்ட்டை, வெட்டுகிறோம். அது உடைந்தால் இன்னொன்று வெட்டலாம். ஆனால் அதன் வரைபடம் போய்விட்டால் வெட்ட ஒன்றுமில்லை. இதை எனக்குப் புரியவைத்தவர் வருடத்துக்கு ஒரு முறை கோலாலம்பூரிலிருந்து, டேப்பை ஓட்டுகிற கருவியான டேப் பெட்டியைச் சுத்தம் செய்ய வந்த ஒரு மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயரைக் கேட்கக் கூச்சப்பட்டே பல வருடத்தை ஓட்டிவிட்டேன்.

நான் அங்கே டிஸ்பேட்ச் வேலைக்குச் சேர்ந்தவன். மோட்டார் சைக்கிளில் ஊரெல்லாம் கடிதமும் மாதிரிச் சாமான்களும் கொண்டுபோய்க் கொடுப்பேன். டேப் மாற்றும் வேலை எனக்கு வந்ததற்குக் காரணம், நான் லீவு எடுக்கமாட்டேன் என்பது மட்டும்தான். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து டேப், மாதக் கடைசிக்கு இன்னொன்று. எழுத்துக்குப் பயந்து ஒவ்வொன்றிலும் ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டேன். திங்கள் மஞ்சள், செவ்வாய் பச்சை, புதன் நீலம். மாதக் கடைசி டேப் மட்டும் பட்டறையில் இருக்கக் கூடாது, வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று நம் முதலாளி, தவுக்கே, சொல்லியிருந்தார். அந்த வேறு கட்டடம் காஜா பேராங்கில் என் வீடு. என் மனைவியின் இரும்பு அலமாரியில், பட்டுச் சேலைக்கும் அடுத்த சேலைக்கும் நடுவில், பட்டறையில் முப்பது பேரின் வேலை இருந்தது.

ஒரு முறை அந்த டேப்பை மோட்டாரின் சீட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு செமாபோக்கில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டேன். வண்டி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றது. மறுநாள் வந்திருந்த மெக்கானிக்கிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“உள்ளே இருக்கா, போயிடுச்சான்னு எப்படிண்ணே தெரியும்?” என்று கேட்டார்.

“தெரியலியே.”

“போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். இங்க யாராச்சும் போட்டுப் பார்த்திருக்கீங்களா?”

யாரும் பார்த்ததில்லை. அவர் போட்டுப் பார்த்தார், நல்லவேளை இருந்தது. பிறகு டேப் பெட்டியைத் திறந்து அதன் வயிற்றைக் காட்டினார். “இதுக்குள்ள ஒரு காத்தாடி சுத்துது. இது வாய் வழியாத்தான் மூச்சு விடும். தூசி மட்டும் ஆகவே ஆகாது” என்றார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விட்டதில்லை. காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைப்பேன். அவர் சொன்ன இரண்டு விஷயங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். துடைத்தேன், போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். ஆயுத பூசையன்று பட்டறையில் கடைசல் இயந்திரத்துக்கும் லோரிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். தவுக்கே சீனர். வாசலில் சிவப்புப் பீடத்தில் அவர் தினமும் ஊதுபத்தி ஏற்றுவார், எங்கள் பூசைக்குப் பூசணிக்காயும் வாங்கித் தருவார். எனக்கு என்று இருந்த ஆயுதம் டேப் பெட்டிதான். அதன் நெற்றியில், அதாவது டேப் நுழைகிற வாய்க்கு நேர் மேலே, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். வருடத்துக்கு ஒரு நாள் வைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் அவ்வளவு துடைப்பதில் பொட்டும் அழிந்துவிடும். வெறும் நெற்றியாக இருப்பது மனத்துக்கு ஒப்பாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சிட்டிகை எடுத்து மறுபடி வைத்துவிடுவேன். மண், இரும்புத்தூள், சிகரெட் சாம்பல் எல்லாம் என் கணக்கில் தூசி. குங்குமத்தை நான் தூசி என்று நினைத்ததே இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்து ஐம்பது வருடம் ஆன வருடம் அது. ஊரெங்கும் கொடி. அந்த ஜூன் மாதத்தில் ஒரு விற்பனையாளர் வந்தார். இனி டேப் வேண்டாம், வரைபடங்கள் இணையம் வழியாகத் தானே வெளியூருக்குப் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும், யாரும் தொடவே வேண்டாம் என்றார். மூன்று மாதம் சோதனைக்கு வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. கணினிப் பொறுப்பில் இருந்த புனிதாவுக்கு இணையம்தான் பிடித்திருந்தது.

“டேப்பை என்ன செய்றது?” என்று தவுக்கே மலாயில் கேட்டார். என்னிடம் அவர் மலாய்தான் பேசுவார்.

இயந்திரம் ஓட்டும் கிருஷ்ணன் பக்கத்தில் இருந்தார். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் மலாக்கா சிட்டி குடும்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழர் வழி. சாமி எங்களுக்கும் அவருக்கும் ஒன்று, பேச்சு அவருக்கு மலாய். “மலாக்காவில் மியூசியத்துக்கா பஞ்சம்? ஒன்றில் வைத்துவிடலாம், மணியத்தையும் பக்கத்தில் உட்காரவைத்து” என்றார், என்னைக் காட்டி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டேப்தான் நல்லது என்று அன்று நான் மனத்தில் வாதாடியதெல்லாம் வரைபடத்துக்காக அல்ல, எனக்காக.

ஆகஸ்ட் கடைசி வாரம். மூவாரில் மருந்துப் பாட்டிலுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை நம் பெரிய வாடிக்கையாளர். புதன்கிழமை காலை அவர்களிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நாம் செய்து கொடுத்த மோல்ட்டில் உள்துண்டு ஒன்று உடைந்துவிட்டது. திங்கள் காலை எட்டு மணிக்குப் புதுத் துண்டு வர வேண்டும். வராவிட்டால் தங்கள் மோல்ட் எல்லாவற்றையும் வேறு பட்டறைக்கு மாற்றிவிடுவார்கள். நம் வேலையில் பாதி அவர்களுடையது.

“வரைபடம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, மூன்று நாள் போதும்” என்றார் தவுக்கே.

அன்று பிற்பகல் மழைக்கு முன் ஓர் இடி விழுந்தது. விளக்கு போய்த் திரும்ப வந்தது. வரைபடங்கள் எல்லாம் இருந்த சர்வர் திரும்ப வரவில்லை. கருகிய நாற்றம் மட்டும் வந்தது.

வியாழக்கிழமை காலை புனிதா முதலில் இணையத்தில் தேடினார். இந்த வருட வரைபடங்கள் இருந்தன. நம் லைன் அப்போது மெதுவானது. புதியது முதலில், பழையது பிறகு என்று அனுப்பிக்கொண்டே இருந்ததில் இரண்டு வருடத்துக்கு முந்தியது வரிசையில் நின்றுகொண்டிருந்தது, இன்னும் போகவில்லை. காகிதத்தில் ஒரு பிரதி கிடைத்தது, ஆனால் அது கடைசித் திருத்தத்துக்கு முந்தியது. அதைப் பார்த்து வெட்டினால் மூடி பொருந்தாது.

அப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் தப்பு, ஆனால் எனக்கு மார்பு நிமிர்ந்தது. வேறொரு கணினியில் டேப் பெட்டியை மாட்டினோம். நீல டேப்பைக் கொடுத்தேன். உள்ளே போனது, கரகரவென்றது, நின்றது. புனிதா வெளியே எடுத்தார். மூலையில் டேப் கசங்கியிருந்தது. பச்சையைப் போட்டோம். அதுவும் அப்படியே. மஞ்சள். அதுவும். வியாழன், வெள்ளி டேப் இரண்டும் தேய்ந்துபோய், சோதனை முடியட்டும் என்று புதிது வாங்காமல் விட்டிருந்தோம்.

“இடி இதையும் அடிச்சிருக்கு, தவுக்கே” என்றார் புனிதா. பிறகு என்னிடம், “அண்ணே, வீட்டுல மாசக் கடைசி டேப் இருக்குல்ல, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துருங்க” என்றார்.

மஞ்சள் டேப்பை வாங்கி அதன் உறையில் வைக்கும்போதுதான் பார்த்தேன். என் விரல் நுனி சிவந்திருந்தது.

குருபோங்கிலிருந்து காஜா பேராங் வரை மோட்டாரில் போகும்போது ஒன்றும் யோசிக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் எல்லாம் யோசித்தேன். டேப்பைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தேன். இடியின் மேல் பழி ஏற்கெனவே விழுந்துவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பெட்டி இதையும் கடித்துத் துப்பும், எல்லாரும் இடியைத் திட்டுவார்கள், நான் என் வேலையில் இருப்பேன். ஆனால் எந்த வேலையில்? பட்டறை இருந்தால்தானே வேலை.

அறைக்குள் நுழைந்ததும் புனிதா கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.

“அண்ணே, குடுங்க.”

“இதுல போட வேணாம்மா.”

“என்னண்ணே? நேரமில்ல.”

தவுக்கே எழுந்துவிட்டார். “மணியம், கொடு.”

டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “இடி ஒண்ணும் செய்யல, தவுக்கே. பெட்டிக்குள்ள குங்குமம் போயிருக்கு. நான்தான் வெச்சேன். வாரா வாரம் வெச்சேன். இதையும் போட்டா இதுவும் போயிடும். இதுக்கு மேல நம்மகிட்ட வேற இல்ல.” அந்தப் பட்டறையில் அதுவரை நான் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பாதி தமிழ், பாதி மலாய்.

கிருஷ்ணன் குனிந்து பெட்டியின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார். “அடோய். உள்ளே கோயிலே இருக்கிறது” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

தவுக்கே மெதுவாகத்தான் கேட்டார். “நானும் வாசலில் கும்பிடுகிறேன். ஊதுபத்திச் சாம்பலை இயந்திரத்துக்குள் கொட்டுகிறேனா?”

“இல்லை, தவுக்கே.”

“எப்போது தெரிந்தது உனக்கு?”

“மூணாவது டேப் வெளியே வந்தப்ப.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முதல் டேப்பிலேயே தெரிந்திருந்தால் இன்னும் நல்லது” என்றார். பிறகு, “சரி. நாலாவது தப்பியது. வேறு பெட்டி எங்கே கிடைக்கும்? அதைச் சொல்லுங்கள்” என்றார்.

கோலாலம்பூருக்குப் போன் போட்டோம். மறுநாள் மெர்டேக்கா, சுதந்திர நாள் விடுமுறை; வார விடுமுறையும் சேர்ந்து வந்ததால் திங்களுக்கு முன் யாரும் வரமுடியாது. அந்த மாடல் பெட்டி மலாக்காவில் யாரிடம் இருக்கிறது என்று புனிதாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இரண்டு சந்து தள்ளி இன்னொரு மோல்ட் பட்டறை. அங்கே டிஸ்பேட்ச் பார்க்கிறவரும் நானும் ஊருக்குள் ஒரே கடையில் ஒரே டேப் வாங்குவோம். அந்தப் பட்டறை முதலாளி நம் ஆட்கள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டார் என்று தவுக்கே மூன்று வருடமாக அவரோடு பேசுவதில்லை. அதனால்தான் சொல்லத் தயங்கினேன். அன்று எனக்குத் தயக்கமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. சொல்லிவிட்டேன்.

“மானா போலே” என்றார் தவுக்கே, அது எப்படி முடியும் என்று. “வாடிக்கையாளர் வரைபடத்தை அவன் கணினியில் திறப்பதா? அதற்கு நானே கடையைப் பூட்டிவிடலாம்.”

“டேப்பை அங்க கொண்டுபோக வேணாம். பெட்டியை இங்க கொண்டு வரலாம்” என்றேன்.

புனிதா தலையாட்டினார். “வெளிய மாட்டுற பெட்டிதான், தவுக்கே. கழட்டி எடுத்துட்டு வரலாம்.”

தவுக்கே சாவியை எடுத்தார். “வா. நீயும் வா. அவன் திட்டினால் பாதியை நீ வாங்கிக்கொள்.”

அந்த முதலாளி திட்டவில்லை. எங்களை நிற்கவைத்தே முழுக்கதையையும் கேட்டார், குங்குமம் வரை. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் ஆளைக் கூப்பிட்டார். “நம் டேப்பை எப்போது கடைசியாகத் திறந்து பார்த்தோம்?” என்று கேட்டார். “திறந்ததே இல்லை” என்றார் அந்த ஆள், என்னைப் போலவே. நாளைக் காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், திங்கள் திரும்ப வேண்டும் என்றார் முதலாளி. கைகொடுத்துக்கொண்டார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் கை கொடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரே ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேர் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த முறை டேப்பை நானே போட்டேன். கைகழுவி, நகத்தைத் தேய்த்துக் கழுவிப் போட்டேன். அது சீராகச் சுற்றியது. பத்து மணி வாக்கில் புனிதா திரையில் விரலை வைத்து, “வந்துடுச்சு” என்றார். கிருஷ்ணன் ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். கடைசித் திருத்தம் அதில் இருந்தது. அவர் நேரே இயந்திரத்தைப் போடப் போனார். ஞாயிறு மதியம் துண்டு தயார். திங்கள் காலை எட்டு மணிக்கு முன் மூவாரில் அதைக் கையில் கொடுத்தவன் நான்தான். அங்கே பொருத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டும்வரை ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தேன்.

அந்த வாரமே தவுக்கே எங்களை உட்காரவைத்தார். டேப்பா, இணையமா? புனிதா, டேப் காப்பாற்றியது, அதுவே இருக்கட்டும் என்றார். தவுக்கே என் பக்கம் திரும்பினார். “நீ சொல்.”

என் வேலை என் வாயில் இருந்தது. ஆமாம், டேப் போதும் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

நான் சொன்னது இதுதான். தினமும் எடுப்பதை இணையமே எடுக்கட்டும், அதற்கு என் கை வேண்டாம். என் கையைத்தான் பார்த்தோமே. டேப் வாரத்துக்கு ஒன்று போதும், கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். பட்டறை முழுக்கப் போனால் மெதுவான லைனில் எல்லாம் திரும்பி வர நாள் கணக்காகும், டேப் ஒரு காலையில் தந்துவிடும். ஒரே ஒரு வரைபடம் அவசரமாக வேண்டுமென்றால் இணையம் முந்தும். எது நல்லது என்று கேட்பதைவிட, எது போனால் எதை எவ்வளவு நேரத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பது மேல். இரண்டில் எதை வைத்தாலும், மாதத்தின் முதல் திங்கள் ஒரு வரைபடத்தை நான் கேட்பேன். இரண்டு இடத்திலிருந்தும் அது வர வேண்டும். கிருஷ்ணன் அதைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

“அந்த இணைய பேக்கப் கம்பெனி தினமும் ரிப்போர்ட் அனுப்புகிறது, எல்லாம் சரி என்று பச்சை” என்றார் தவுக்கே.

“கேட்கிறேன், தவுக்கே. கேட்டுப் பார்க்கிறேன்.”

அக்டோபர் முதல் திங்கள் முதல் முறையாகக் கேட்டேன். கிருஷ்ணன் வேண்டுமென்றே அப்போது எல்லாரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்த புது வரைபடத்தின் பெயரைச் சொன்னார். மெக்கானிக் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போன பெட்டியில், டேப்பிலிருந்து வந்தது. இணையத்தில் தேடித் தேடிப் புனிதாவின் முகம் மாறியது. அது அங்கே இல்லவே இல்லை. வரைகிறவர்கள் மாலையில் வீட்டுக்குப் போகும்போது, காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று வேலையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவார்கள். திறந்திருக்கும் கோப்பையும் டேப் எடுத்துக்கொள்ளும், அந்த இணைய பேக்கப் தாண்டிப் போய்விடும். அதனால் யார் அதிகம் உழைக்கிறாரோ அவருடைய வரைபடம் ஒரு நாளும் போகவில்லை. ரிப்போர்ட் மட்டும் தினமும் பச்சை.

தவுக்கே அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய், வீட்டுக்குப் போகும்முன் எல்லாரும் மூடிவிட்டுப் போக வேண்டும் என்று அவரே ஒவ்வொரு மேசையாகச் சொல்லிவிட்டு வந்தார். என்னிடம், “நவம்பரிலும் கேள்” என்றார்.

நவம்பரிலும் கேட்டேன். முதுகுவலியால் வேலையை விடும் மாதம் வரை, ஒரு முதல் திங்களும் தவறாமல் கேட்டேன். சலித்துக்கொண்டவர்கள் உண்டு. வராமல் போன மாதங்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் தவறு வேறாக இருந்தது. ஒவ்வொரு முறையும், அது தேவைப்படாத நாளில் நமக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் வந்து மூன்று மாதம் ஆகிறதாம். மூன்று முதல் திங்கள் போயிருக்கின்றன. நீங்கள் எந்த வரைபடத்தைக் கேட்டீர்கள், அது வந்ததா என்பதைப் புனிதாவிடம் எழுதிக் கொடுங்கள். கேட்கவில்லை என்றால், இதைப் படித்து முடித்த கையோடு எழுந்துபோய் ஒன்றைக் கேளுங்கள்.

காஜா பேராங், மலாக்கா
ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை